அரை ஓட்டத்தின் விலை: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் குளிர்காலக் கணக்கு

2025 சீசனில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 162 ஆட்டங்களில் எடுத்த ஓட்டங்கள் 583. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் 30 அணிகளில் இதுதான் கடைசி. அடித்த ஹோம்ரன்கள் 117, அதிலும் கடைசி. சியாட்டில் அணியின் கேல் ராலி என்ற ஒரே ஆட்டக்காரர் இதே சீசனில் 60 ஹோம்ரன் அடித்தார். எங்கள் அணி முழுவதும் சேர்ந்து அடித்ததில் பாதிக்கும் மேல் அது. முடிவில் பைரேட்ஸுக்கு 71 வெற்றி, 91 தோல்வி.

இப்போது 2025 நவம்பர். ஆட்டம் முடிந்துவிட்டது, ஆள் சேர்க்கும் காலம் தொடங்கியிருக்கிறது. பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம் திறக்கும்வரை ஒரு ரசிகனுக்கு மிஞ்சுவது நம்பிக்கையும் கணக்கும்தான். இந்தக் கட்டுரையில் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதியிருக்கிறேன். நான் கண்ட விடை இது: எங்கள் அணிக்கும் பிளே-ஆஃபுக்கும் நடுவே நிற்பது ஆட்டத்துக்கு அரை ஓட்டம். அதன் விலை ஏறக்குறைய 4 கோடி டாலர். அந்தப் பணத்தைச் செலவிட இதைவிட நல்ல நேரம் இந்த அணிக்கு 30 ஆண்டுகளில் வாய்த்ததில்லை.

அளவுகள்

கணக்குக்குள் போகுமுன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். 1 கோடி டாலர் என்பது அமெரிக்கர்கள் சொல்லும் 10 மில்லியன். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை. 30 அணிகளில் 12 பிளே-ஆஃபுக்குப் போகும். நேஷனல் லீகிலிருந்து 6, அமெரிக்கன் லீகிலிருந்து 6. பிட்சரின் தரத்தை ஈ.ஆர்.ஏ. என்ற எண்ணால் அளக்கிறார்கள். 9 இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழும் ஓட்டங்களின் சராசரி அது; குறைவாக இருந்தால் நல்லது. 2-க்குக் கீழே போவது அபூர்வம்.

ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். அங்கே 2025 ஏலத்துக்கு எல்லா அணிக்கும் ஒரே பணப்பை: 120 கோடி ரூபாய். பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பு கிடையாது. 2025-இல் 24.1 கோடி டாலரைத் தாண்டிய அணி அபராத வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கீழ்வரம்பும் கிடையாது. அதனால் ஓர் அணி விரும்பினால் அள்ளி இறைக்கலாம்; விரும்பினால் பெட்டியைப் பூட்டியும் வைக்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2025-இல் சம்பளத்துக்கும் வரிக்குமாகச் செலவிட்டது 50 கோடி டாலருக்கு மேல். பைரேட்ஸ் சம்பளப் பட்டியல் சுமார் 9 கோடி டாலர். டாட்ஜர்ஸ் கோப்பையையும் வென்றது. இறுதித் தொடரின் 7-ஆவது ஆட்டத்தில் டொரன்டோவை 11 இன்னிங்ஸில் 5–4 என்று முடித்தது.

ஓட்டக் கணக்கு

பேஸ்பால் புள்ளிவிவரத்தின் முன்னோடியான பில் ஜேம்ஸ் தந்த வாய்பாடு எளியது. எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்தவை, கொடுத்தவை இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வெற்றி விகிதம் கிடைக்கும்.

பைரேட்ஸ் எடுத்தது 583, கொடுத்தது 645. வாய்பாட்டில் போட்டால் 0.450. 162 ஆட்டத்துக்கு 73 வெற்றி. உண்மையில் கிடைத்தது 71. ஆகவே இந்த அணி துரதிர்ஷ்டத்தால் தோற்கவில்லை. ஓட்டம் எடுக்காததால் தோற்றது.

நேஷனல் லீகில் பிளே-ஆஃபுக்குள் கடைசியாக நுழைந்த சின்சினாட்டி ரெட்ஸ் வென்றது 83 ஆட்டம். அதையே இலக்காக வைப்போம். கொடுக்கும் ஓட்டம் அதே 645 என்றால், 83 வெற்றிக்கு எடுக்க வேண்டியது 661. எங்களிடம் இருப்பது 583. 78 ஓட்டம் துண்டு விழுகிறது. அதை 162 ஆட்டத்துக்குப் பங்கிட்டால் ஆட்டத்துக்கு 0.48. அரை ஓட்டம்கூட முழுதாக இல்லை.

இது எட்டாத எண்ணா? 2025-இல் மூன்று சிறு நகர அணிகளின் கணக்கு:

பிட்ஸ்பர்க்: எடுத்தது 583, வெற்றி 71
கிளீவ்லாந்து: எடுத்தது 643, வெற்றி 88
மில்வாக்கி: எடுத்தது 806, வெற்றி 97

கிளீவ்லாந்து எங்களைவிட 60 ஓட்டம் மட்டுமே கூடுதலாக எடுத்தது. அவர்கள் கொடுத்த ஓட்டம் எங்களைவிடச் சற்று அதிகம்கூட. அப்படியும் 88 ஆட்டம் வென்று தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்தார்கள். மில்வாக்கியோ எங்கள் பிரிவிலேயே ஆடும் அணி. எங்களைவிடப் பெரிய சந்தையும் அல்ல. அவர்கள் 166 ஹோம்ரன்தான் அடித்தார்கள், எங்களைவிட 49 அதிகம். ஆனால் ஓட்ட வித்தியாசம் 223. மீதி ஓட்டங்கள் பொறுமையாக நின்று நான்கு பந்து தவறவிட்டு முதல் பேஸுக்கு நடப்பதிலும், பேஸ் திருடுவதிலும், அவுட் ஆகாமல் பந்தைக் களத்துக்குள் போடுவதிலும் வந்தவை. லீகிலேயே அதிக வெற்றி பெற்ற அணியாக அவர்கள் முடித்தார்கள்.

எடுத்த ஓட்டம் குறைவாக இருந்தும் ஜெயித்த பெருமை பிட்ஸ்பர்க்குக்கும் உண்டு. 1960 இறுதித் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்த மொத்த ஓட்டம் 55, பைரேட்ஸ் 27. ஆனால் தொடர் 4–3 என்று எங்களுக்கு. அக்டோபர் 13 அன்று 7-ஆவது ஆட்டத்தின் 9-ஆவது இன்னிங்ஸில் பில் மசரோஸ்கி அடித்த ஹோம்ரன் 10–9 என்று அதை முடித்தது. 7 ஆட்டத்தில் அப்படி நடக்கும். 162 ஆட்டத்தில் நடக்காது. நீண்ட சீசனில் எண்தான் பேசும்.

கையிருப்பு: பந்துவீச்சு

பற்றுப் பக்கம் பேட்டிங் என்றால் வரவுப் பக்கம் பந்துவீச்சு. அணியின் ஈ.ஆர்.ஏ. 3.76. லீகின் முன்வரிசை அணிகளோடு சேர்த்துப் பேச வேண்டிய எண் அது.

அதன் நடுவே பால் ஸ்கீன்ஸ். 2023-இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்திலிருந்து, லீகின் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வானார். கையொப்பத் தொகை 92 லட்சம் டாலர். 2024 மே 11 அன்று முதல் ஆட்டம். அந்த ஆண்டு ஈ.ஆர்.ஏ. 1.96, சிறந்த புதுமுகம் விருது. 2025-இல் 32 ஆட்டம், 187 இன்னிங்ஸுக்கு மேல், 216 ஸ்டிரைக் அவுட், ஈ.ஆர்.ஏ. 1.97. இந்த நவம்பரில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, வாக்காளர் அனைவரின் முதல் வாக்கும் அவருக்கே. அவருடைய வெற்றி–தோல்விக் கணக்கைப் பாருங்கள்: 10–10. நேஷனல் லீகின் மிகச் சிறந்த பிட்சர் வீசிய ஆட்டங்களில் அவர் பெயரில் பத்துத் தோல்வி எழுத வைத்தது எங்கள் பேட்டிங்.

2025-இல் அவருக்கு அணி தந்த சம்பளம் 8,75,000 டாலர். வீசிய இன்னிங்ஸால் வகுத்தால் ஓர் இன்னிங்ஸுக்கு சுமார் 4,660 டாலர். இளம் ஆட்டக்காரர்களுக்கென லீக் வைத்திருக்கும் பொது ஊக்கத்தொகையிலிருந்து 30 லட்சத்துக்கு மேல் தனியாகக் கிடைத்தது. ஆனால் அது சம்பளப் பட்டியலில் சேராது. சென்ற குளிர்காலம் திறந்த சந்தையில் மேக்ஸ் ஃப்ரீட் என்ற பிட்சருக்கு யாங்கீஸ் கொடுத்தது 8 ஆண்டுக்கு 21.8 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 2.725 கோடி. ஸ்கீன்ஸின் சம்பளத்தைப்போல் 31 மடங்கு. இந்த வித்தியாசம் முழுவதும் பைரேட்ஸுக்கு மிச்சம்.

அவருக்குப் பின்னால் வரிசையும் இருக்கிறது. பப்பா சாண்ட்லர், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட் இருவரும் 2025-இல் அறிமுகமானார்கள். மைக் பரோஸ் தொடர்ந்து வீசினார். ஜாரெட் ஜோன்ஸ் முழங்கை அறுவைக்குப் பின் திரும்ப வர வேண்டும். இவர்கள் எல்லோரும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டி வாங்குபவர்கள். 2025-இல் அது 7,60,000 டாலர், 2026-இல் 7,80,000. பெரிய தொகை வாங்குபவர் மிட்ச் கெல்லர் மட்டும்: 5 ஆண்டு, 7.7 கோடி. 2025-இல் அவர் கணக்கு 6–15, ஈ.ஆர்.ஏ. 4.19. அவர் மோசமாக வீசவில்லை. ஓட்டம் எடுத்துக்கொடுக்க ஆளில்லை.

சென்ற குளிர்காலச் செலவு

2024–25 குளிர்காலத்தில் இந்த அணி திறந்த சந்தையில் என்ன வாங்கியது? முக்கியமான ஆறு பேர், எல்லாம் ஓராண்டு ஒப்பந்தம்:

ஆண்ட்ரூ ஹீனி, பிட்சர்: 52.5 லட்சம் டாலர்
ஆண்ட்ரூ மெக்கச்சன், பேட்டர்: 50 லட்சம்
டாமி ஃபாம், அவுட்ஃபீல்டர்: 40.25 லட்சம்
கேலப் ஃபெர்குசன், பிட்சர்: 30 லட்சம்
ஆடம் ஃப்ரேசியர், பேட்டர்: 15.25 லட்சம்
டிம் மேஸா, பிட்சர்: 11.5 லட்சம்
கூட்டுத்தொகை: 1.995 கோடி டாலர்

இதில் பேட்டிங்குக்குப் போனது 1.055 கோடி. ஓட்டம் இல்லாமல் தவித்த அணி, ஓட்டத்துக்காக ஒதுக்கியது ஒரு நடுத்தர ஆட்டக்காரரின் ஓராண்டுச் சம்பளம். ஃப்ரேசியரும் ஃபெர்குசனும் ஜூலையிலேயே வேறு அணிகளுக்குக் கைமாறினார்கள். ஹீனி சீசன் முடியும்வரை நீடிக்கவில்லை. மெக்கச்சன் 38 வயதில் 13 ஹோம்ரன் அடித்தார். அணியில் மூன்றாவது இடம்! ஓனீல் குரூஸ் 20, பிரையன் ரெனால்ட்ஸ் 16. இருபதைத் தாண்டியவர் ஒருவருமில்லை.

மே 8 அன்று, 12–26 என்ற நிலையில், மேனேஜர் டெரெக் ஷெல்டன் நீக்கப்பட்டார். பதிலுக்கு வந்த டான் கெல்லியின் கணக்கு 59–65. மேனேஜர் மாறியதும் தோல்வி விகிதம் குறைந்தது உண்மை. ஆனால் பேட் பிடிக்கும் கைகள் மாறாமல் அதற்கு மேல் ஏற முடியாது என்பதும் அதே எண்ணில் தெரிகிறது. ஜூலைக் கடைசியில் மூன்றாம் பேஸ் காவலர் கபிரையன் ஹேய்ஸ் சின்சினாட்டிக்கும், ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர் டேவிட் பெட்னார் யாங்கீஸுக்கும் போனார்கள். 8 ஆண்டு, 7 கோடி டாலர் ஹேய்ஸ் ஒப்பந்தத்தின் மீதி பைரேட்ஸ் தலையிலிருந்து இறங்கியது. பெட்னாரின் 2025 சம்பளம் 59 லட்சம். அந்தப் பணம் பேட்டிங்குக்குத் திரும்ப வர வேண்டும் என்பது என் முதல் எதிர்பார்ப்பு.

பழைய பாக்கி

இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸைப் பைரேட்ஸ் வென்ற ஆண்டுகள் ஐந்து: 1909, 1925, 1960, 1971, 1979. கடைசிப் பிரிவுப் பட்டம் 1992. அந்தக் குளிர்காலம் பாரி பாண்ட்ஸ் 6 ஆண்டுக்கு 4.375 கோடி டாலர் என்று சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அடுத்து 1993 முதல் 2012 வரை 20 சீசன் தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வி அதிகம். வட அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீகுகளில் வேறெந்த அணிக்கும் அப்படியொரு வரிசை கிடையாது.

அதை உடைத்ததும் ஒரு குளிர்காலச் செலவுதான். 2012 நவம்பரில் கேட்சர் ரஸ்ஸல் மார்ட்டினை 2 ஆண்டுக்கு 1.7 கோடி டாலருக்கு எடுத்தார்கள். பிட்சர் ஃபிரான்சிஸ்கோ லிரியானோவும் வந்தார். 2012-இல் 79 ஆக இருந்த வெற்றி 2013-இல் 94 ஆனது. 2014-இல் 88, 2015-இல் 98. மூன்று ஆண்டும் பிளே-ஆஃப்.

திரும்பக் கெடுத்ததும் ஒரு குளிர்காலம்தான். 98 வெற்றிக்குப் பிறகு நீல் வாக்கரை நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தார்கள். பெட்ரோ ஆல்வரெஸ், ஜே.ஏ. ஹேப் போனார்கள். ஈடாக வந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. 2016-இல் 78 வெற்றி. ஒரே ஆண்டில் 20 வெற்றி சரிவு. அதிலிருந்து இன்றுவரை தோல்வியைவிட வெற்றி அதிகமான சீசன் 2018 ஒன்றுதான், 82–79. 2021-இலும் 2022-இலும் நூற்றொரு தோல்வி, நூறு தோல்வி என்று விழுந்தார்கள்.

ஒப்பந்த வரலாறும் அதே கதையைச் சொல்கிறது:

அணி வரலாற்றில் மிகப் பெரிய ஒப்பந்தம்: ரெனால்ட்ஸ், 2023, 8 ஆண்டு, 10.675 கோடி டாலர்
ஃப்ரீ ஏஜென்டுக்கு (ஒப்பந்தம் முடிந்து திறந்த சந்தைக்கு வந்தவருக்கு) மிகப் பெரியது: லிரியானோ, 2014, 3 ஆண்டு, 3.9 கோடி
ஃப்ரீ ஏஜென்ட் ஒருவருக்கு ஓராண்டைத் தாண்டிக் கடைசியாகக் கொடுத்தது: இவான் நோவா, 2016, 3 ஆண்டு, 2.6 கோடி

ரெனால்ட்ஸின் ஆண்டுச் சராசரி 1.334 கோடி டாலர். டாலருக்கு 88 ரூபாய் என்றால் 117 கோடி ரூபாய். ஏறக்குறைய ஓர் ஐ.பி.எல். அணியின் முழுப் பணப்பை. நமக்கு மலைப்பான தொகைதான். ஆனால் வான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் கொடுப்பது 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர், ஆண்டுக்கு 5.1 கோடி. அந்தச் சந்தையில் எங்கள் அணியின் உச்சம் நடுத்தரத்துக்கும் கீழே.

இந்தக் குளிர்காலத்துக்கு என் பட்டியல்

சோட்டோ போன்றவரை நான் கேட்கவில்லை. 78 ஓட்டத்தை மட்டும் கேட்கிறேன். திறந்த சந்தையில் ஒரு வெற்றியின் விலை 80 முதல் 90 லட்சம் டாலர் என்று ஆய்வாளர்கள் தோராயமாக வைக்கிறார்கள். சுமார் 10 வெற்றியை முழுக்கச் சந்தையிலேயே வாங்கினால் 8, 9 கோடி ஆகும். அவ்வளவு வேண்டாம். பாதியைச் சந்தையிலும் பாதியைக் கையிருப்பிலிருந்தும் எடுக்கலாம். கீழே வரும் ஓட்ட மதிப்பும் விலையும் என் சொந்த உத்தேசம்.

முதல் இனம், மூன்றாம் பேஸ். 20 ஓட்டம், ஆண்டுக்கு 1.5 கோடி. ஹேய்ஸ் போன இடம் காலி. ஜப்பானின் யோமியுரி ஜெயன்ட்ஸ் அணியின் கசுமா ஒகமோட்டோ இந்தக் குளிர்காலம் அமெரிக்கா வருகிறார். மூன்று முறை தன் லீகில் ஹோம்ரன் முதலிடம் பிடித்தவர், மூன்றாம் பேஸ் ஆடுபவர். ஜப்பான் அணிக்குத் தர வேண்டிய விடுவிப்புத் தொகைக்கு விதி உண்டு: ஒப்பந்தத்தின் முதல் 2.5 கோடிக்கு 20 விழுக்காடு, அடுத்த 2.5 கோடிக்கு 17.5, அதற்கு மேல் 15. 4 ஆண்டுக்கு 5 கோடி என்றால் விடுவிப்பு 93.75 லட்சம். இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 1.48 கோடி விழும். அவர் கிடைக்காவிட்டால் அதே தொகைக்கு வேறொருவர் வரட்டும். இடம் நிரம்ப வேண்டும்.

தொலைவில் ஆள் தேடுவது இந்த அணிக்குப் புதிதல்ல. 2008 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் ஒப்பந்தம் செய்தது பைரேட்ஸ்தான். ஈட்டி எறிந்து வளர்ந்த, பேஸ்பால் ஆடியே இராத இளைஞர்கள் அவர்கள். 2014-இல் ஏ.ஆர். ரகுமான் இசையில் அவர்கள் கதை ஹாலிவுட் படமாகவும் வந்தது. ஒரு தோளுக்காக இந்தியாவரை பார்த்த கண், ஒரு பேட்டுக்காக ஜப்பான்வரை பார்க்கலாம்.

இரண்டாம் இனம், இடக்கை அடிப்பவர். 25 ஓட்டம், ஆண்டுக்கு 1.4 கோடி, குறைந்தது இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மைதானமே இதைக் கேட்கிறது. பி.என்.சி. பார்க்கில் இடது-நடு மூலை 410 அடி ஆழம். வலக்கைக்காரர் ஓங்கி அடித்த பந்துகள் அங்கே விழுந்து பிடிபடுகின்றன. வலது கோட்டில் சுவர் 320 அடியில் இருக்கிறது. உயரம் 21 அடி. பைரேட்ஸின் பழம்பெரும் ஆட்டக்காரர் ராபர்ட்டோ கிளெமென்டேயின் சட்டை எண்ணுக்கு மரியாதையாக அமைத்தது. இடக்கைக்காரருக்கு அதைத் தாண்டுவது எளிது.

மூன்றாம் இனம், கைமாற்று. 18 ஓட்டம், சம்பளத்தில் 70 லட்சம். இளம் பிட்சர்கள் மிகுதியாக இருக்கும்போது ஒருவரைக் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டு மிச்சமுள்ள ஒரு பேட்டரை வாங்க வேண்டும். மனம் வலிக்கும். ஆனால் பந்துவீச்சில் மிஞ்சுவதைப் பேட்டிங்குக்கு மாற்றாமல் இந்தக் கணக்கு நேராகாது. ஸ்கீன்ஸ் மட்டும் இந்தப் பேச்சில் வரக் கூடாது.

நான்காம் இனம், இருப்பவர்கள் மீள்வது. 15 ஓட்டம், செலவில்லை. ரெனால்ட்ஸ் 2024-இல் 24 ஹோம்ரன், சராசரி .275, 2025-இல் 16, .245. குரூஸ் .259-இலிருந்து .200-க்கு இறங்கினார், 38 பேஸ் திருடியும் ஆட்டம் முழுமை பெறவில்லை. இருவரும் பாதி வழி திரும்பினாலே இந்த 15 வரும். அதற்குத் தேவை நல்ல பேட்டிங் பயிற்சி.

ஐந்தாம் இனம், பிட்சர் ஒருவரைக் கொடுப்பதால் 645 என்ற எண் கூடிவிடாமல் காக்க, கடைசி இன்னிங்ஸ்களுக்கு ஒரு பிட்சர். 40 லட்சம்.

கூட்டினால் 78 ஓட்டம், 4 கோடி டாலர். சம்பளப் பட்டியல் 9-இலிருந்து 13 கோடி ஆகும். 97 ஆட்டம் வென்ற மில்வாக்கியின் பட்டியல் சுமார் 12 கோடி.

இந்தப் பட்டியலில் நான் சேர்க்காத ஒரு பெயர் கானர் கிரிஃபின். 2024-இல் 9-ஆவது தேர்வு, வயது 19. 2025-இல் கீழ் லீகுகளில் சராசரி .333, ஹோம்ரன் 21, திருடிய பேஸ் 65. நாட்டின் முதல்நிலை இளம் ஆட்டக்காரர் என்று மதிப்பிடப்படுபவர். அவர் எப்போது மேலே வந்தாலும் செலவு 7,80,000 டாலர். அவரை நம்பிக் கணக்கு எழுதுவது அவர் தோளில் பாரம் ஏற்றுவதாகும். வந்தால் லாபம் என்றே வைத்துக்கொள்வோம்.

பணம் இருக்கிறதா?

ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் இந்த அணியின் மதிப்பு 130 கோடி டாலருக்கு மேல். 2001-இல் திறந்த பி.என்.சி. பார்க்கின் கட்டுமானச் செலவு 21.6 கோடி, பெரும்பகுதி பொதுப் பணம். ஒவ்வோர் அணியும் உள்ளூர் வருவாயில் 48 விழுக்காட்டைப் பொதுத் தொகுப்பில் போட, அது 30 பங்காகச் சமமாகப் பிரிகிறது. சிறு நகர அணியான பைரேட்ஸ் அதில் கொடுப்பதைவிட வாங்குவது அதிகம். அந்தப் பணத்தை அணியை மேம்படுத்தவே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அப்படிப் பயன்படுத்தவில்லை என்று 2018-இல் ஆட்டக்காரர் சங்கம் நான்கு அணிகள்மீது முறையிட்டது; அந்த நான்கில் பைரேட்ஸும் ஒன்று.

இனி ரசிகர் கணக்கு. 2015-இல் மைதானத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 25 லட்சம். 2025-இல் சுமார் 15 லட்சம். 10 லட்சம் இருக்கை காலி. ஒருவர் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்குமாக 40 டாலர் செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால் 4 கோடி டாலர். நான் கேட்கும் தொகையும் அதேதான். அதில் 48 விழுக்காடு தொகுப்புக்குப் போனாலும் 2 கோடிக்கு மேல் கையில் நிற்கும். கூட்டம் ஒரே ஆண்டில் முழுதாகத் திரும்பாது. இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆனால் இந்த ஊர் வரும். 2025-இலேயே சொந்த மைதானத்தில் 44 வெற்றி, 37 தோல்வி. வெளியூரில்தான் 27–54 என்று நொறுங்கினார்கள்.

ரசிகர்களின் பாசத்துக்கும் விலை தெரியும். ஸ்கீன்ஸின் முதல் ஆட்டச் சட்டைத் துணி பதித்த, ஒன்றே ஒன்று அச்சான சேகரிப்பு அட்டைக்கு ஈடாக, அணி 30 ஆண்டு சீசன் டிக்கெட் தருவதாக அறிவித்தது. அட்டை கிடைத்த குடும்பம் ஏலத்தில் விட்டது. 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலருக்குப் போனது. 30 ஆண்டு இருக்கையைவிட ஓர் அட்டை பெரிதாகத் தெரிந்தால், அந்த இருக்கையிலிருந்து பார்க்கும் ஆட்டத்தின் மதிப்பை உயர்த்த வேண்டியது அணியின் பொறுப்பு. அடுத்த மாதம், சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்திலேயே, அணியை விற்றுவிடச் சொல்லி மக்கள் குரல் எழுப்பினார்கள். வலது சுவரில் கிளெமென்டேயின் 21-ஆம் எண் அடையாளத்தை மறைத்து விளம்பரம் வந்ததும், எதிர்ப்புக்குப் பின் எண் திரும்பியதும் அதே மாதம் நடந்தது. கோபப்படும் ரசிகர் இன்னும் விட்டுப் போகாத ரசிகர்.

காலக்கெடு

ஸ்கீன்ஸ் 2029 வரை பைரேட்ஸ் உரிமையில் இருப்பார். 2026தான் அவர் குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் கடைசி ஆண்டு. 2027-இலிருந்து நடுவர் தீர்ப்பு முறையில் சம்பளம் கோடிகளில் ஏறும். 2029 முடிந்ததும் அவர் எங்கும் போகலாம். எஞ்சியது 4 சீசன். ஆண்டுக்கு 32 ஆட்டம் என்றால் 128 ஆட்டம். லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்குமான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அதற்குப் பிறகு விதிகளே மாறக்கூடும். ஆகவே விதியும் விலையும் தெரிந்து செலவிடக்கூடிய குளிர்காலம் இது ஒன்றுதான்.

2007 முதல் அணியின் முதன்மை உரிமையாளராக இருப்பவர் பாப் நட்டிங். 2019 முதல் பொது மேலாளர் பென் செரிங்டன். இருவரிடமும் ஒரு ரசிகனின் கோரிக்கை இது. ஆடம்பரம் வேண்டாம். ஒன்பது ஆண்டாகத் திறக்காத பேனாவைத் திறந்து, ஒரு பேட்டருக்காவது ஓராண்டைத் தாண்டிய ஒப்பந்தம் எழுதுங்கள். பந்துவீச்சின் மிகுதியில் ஒரு பங்கைப் பேட்டிங்குக்கு மாற்றுங்கள். ஹேய்ஸும் பெட்னாரும் விட்டுப்போன தொகையைச் சேமிப்பில் போடாதீர்கள்.

78 ஓட்டம், 4 கோடி டாலர், 4 சீசன். இவ்வளவு மலிவாக ஒரு பிளே-ஆஃப் அணியைக் கட்டும் வாய்ப்பு பிட்ஸ்பர்க்குக்கு இன்னொரு முறை வராது. இந்தக் குளிர்காலமே செலவிடுங்கள்.